சரசு சமையற்கட்டு வழியாகத் தெரிந்த மலை

அப்போது எங்கள் வீட்டுக்குள்ளிருந்து மலை தெரிந்த ஒரே இடம் குளியலறை. அதையும் நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. வாடகைக்கு அறை கேட்டு வந்த ஓர் ஆந்திராக்கார அம்மாள்தான் கண்டுபிடித்தார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலை. ஒரு தோளில் துணிப்பை, கையில் குடை. ஆட்டோவை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். தண்ணீர் வருமா, கரண்ட் போகுமா என்று ஒன்றும் கேட்கவில்லை. "கொண்ட கனபடுதுந்தா?" என்றார்.

எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் செங்கம் ரோட்டுப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு கேள்வி எந்த மொழியில் வந்தாலும் புரிந்துவிடும். மலை தெரியுமா என்கிறார்.

"வாசல்ல வந்து நின்னா நல்லா தெரியும்ங்க," என்றேன்.

"ரூம்லேருந்து?"

அவரே ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டு போனார். கடைசியில் குளியலறை. மேலே ஒரு சின்ன வெண்டிலேட்டர். பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, புடவையைச் செருகிக்கொண்டு அதன்மேல் ஏறிவிட்டார். பக்கெட் உடைந்து விழுந்தால் யார் பதில் சொல்வது என்று நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெயர்கூடத் தெரியாத ஒருவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

வெகுநேரம் பார்த்தார். இறங்கியதும், "இந்தப் பக்கத்துச் செவுரை ஒடைச்சு ஜன்னல் வைங்க. நான் வந்துடறேன்," என்றார், ஓட்டல் மெனு போர்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. வரலட்சுமி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். பிறகு எங்கள் தெருவுக்கே அவர் டீச்சர்தான்.

முதுகைக் காட்டிய வீடு

வீட்டை இப்படிக் கட்டியது ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கும்போது எங்க வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். அவர் விவசாயி. இந்த இடம் முழுக்க ஒரு காலத்தில் மல்லாட்டை போட்ட நிலம். நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பாகம் பிரித்தபோது தெற்குப் பாதி எங்களுக்கு, மலையைப் பார்த்த வடக்குப் பாதி அவர் தம்பி ஏழுமலைக்கு என்று ஆயிற்று. யார் எதை எடுத்துக்கொள்வது என்ற பேச்சில் கிணறு வந்தது, வேப்பமரம் வந்தது, வண்டி போகிற வழி வந்தது. மலை வரவில்லை.

கிழக்குப் பார்த்து வாசல் வைத்தோம். வடக்குச் சுவரில் குளியலறை, உரமூட்டை போடும் அறை, ஒரு பரண். ஜன்னல் கிடையாது. அந்தப் பக்கம் கொழுந்தனார் மாட்டுக்கொட்டகை. சாணி வாசனையும் கொசுவும் உள்ளே வரக்கூடாது என்று மூடிவிட்டோம். அறை முழுக்க அலமாரி வைக்கச் சுவர் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்கூட.

நாங்கள் மலையைப் பார்க்காதவர்கள் இல்லை. தலையில் மேகம் கட்டியிருக்கிறதா, வடாம் காயப் போடலாமா என்று பார்ப்போம். வெளியூர் கிளம்பும்போது ஒரு கும்பிடு. கார்த்திகை தீபத்தன்று மொட்டை மாடியில் நின்று, உச்சியில் சுடர் தெரிந்த பிறகுதான் வீட்டு விளக்கை ஏற்றுவோம். எல்லாமே நின்றபடி. உட்கார்ந்து மலையைப் பார்ப்பது என்று ஒரு வேலை இருப்பது எங்களுக்குத் தெரியாது.

"மலை இன்னா, ஓடியா போயிடும்? பாக்கணும்னா வெளிய வந்து பாக்கறது," என்பார் எங்க வீட்டுக்காரர்.

எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடு இப்படித்தான், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பிறகு வாடகைக்கு ஆள் வர ஆரம்பித்ததும் வரிசையாகச் சுவரை இடித்தார்கள். எங்கள் சுவரை இடிக்க வந்த மேஸ்திரி, "உங்க தெருவுல கட்டறதவிட ஒடைக்கிற வேலைதாம்மா ஜாஸ்தி," என்றார். அலமாரி போயிற்று. அந்த இடத்தில் ஜன்னல் வந்தது. ஜன்னலில் மலை வந்தது, கொட்டகைக் கூரைக்கு மேலே, அடியிலிருந்து உச்சி வரைக்கும்.

நடக்கிற கூட்டம், உட்காருகிற கூட்டம்

போன வாரம் இந்தப் பத்தியில் பௌர்ணமிக் கூட்டத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஊரைக் குறை சொல்கிறேன் என்று என் தோழி ஒருத்தி போனில் சண்டை பிடித்தாள். குறை இல்லை. பௌர்ணமி அன்று பால் வாங்கப் போக முடியாது என்றால் முடியாதுதான். தெரு முனையில் கார்கள் அடைத்துக்கொண்டு நிற்கும். செருப்பு இல்லாத கால்கள் விடிய விடிய மலையைச் சுற்றிப் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு மலை வலப்பக்கம் இருந்தால் போதும். நிமிர்ந்து பார்க்க நேரமில்லை, கீழே கல்லும் முள்ளும் பார்க்கவேண்டும்.

எங்கள் பக்கம் வருவது வேறு கூட்டம். அது உட்காருகிற கூட்டம். வெள்ளைக்காரர்கள் காலையில் காபிக்கடை மாடியில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை மலையையே பார்ப்பார்கள். ஆந்திராவிலிருந்து வருகிறவர்கள் குடும்பத்தோடு உட்காருவார்கள். அவர்களுக்காகத் தெலுங்கில் போர்டு எழுதிய மெஸ்கள், ஆட்டோக்களின் முதுகில்கூடத் தெலுங்கு.

நான் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்தவள். அங்கிருந்து பார்த்தால் மலை வேறு ஆள். எங்கள் வீட்டுப் பக்கத்து மலை அகலமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். வேங்கிக்காலில் அது ஒடுங்கி எழுந்து நிற்கும். எது அசல் முகம் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வரும். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுப் பக்கத்தைத்தான் அசல் என்பாள். ஊறுகாய் தீரும் வரை பேசுவோம், முடிவு வராது.

டீச்சரின் கட்டில்

டீச்சர் குடிவந்த அன்றே ஒன்றைச் சொல்லிவிட்டார். "நான் திரும்பிப் போகறதுக்கு வரல. கண்ணு மூடறப்ப மலை தெரியணும். அவ்ளோதான்."

எங்க வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கும்தான். சாவதற்கென்று ஒருவர் வாடகைக்கு வருவது நல்லதா என்று அன்று இரண்டு பேரும் யோசித்தோம். ஆனால் அவர் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குவதைப் பார்த்தபோது இப்போதைக்கு ஒன்றும் நடக்காது என்று தோன்றியது. அப்படியே சில வருஷங்கள் ஓடின.

அவருக்குப் பால் அந்த ஜன்னல் வழியாகவே வரும். கொட்டகையில் கறந்து, சொம்போடு அப்படியே கம்பி வழியாக நீட்டுவது சரசு. ஏழுமலையின் மனைவி, என் ஓரகத்தி. ஆந்திரா மெஸ்களுக்குப் பால் ஊற்றி ஊற்றியே தெலுங்கு கற்றுக்கொண்டவள். இரண்டு பேரும் ஜன்னலுக்கு உள்ளும் வெளியுமாக நின்று பேசிச் சிரிப்பார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவேன்.

எனக்கும் சரசுவுக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வோம். என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவள் இலையில் உட்காராமல் போய்விட்டாள் என்பது என் கட்சி. ஓரகத்தி என்றால் வாசலுக்கு வந்து, குங்குமம் கொடுத்து, வாயால் கூப்பிடவேண்டும், நான் வரவில்லை என்பது அவள் கட்சி. அன்று எனக்கு வீட்டு விலக்கு. குங்குமத்தைத் தொட முடியாதென்று வீட்டுக்காரரை அனுப்பினேன். அதை அவளிடம் சொல்ல அப்போது வாய் வரவில்லை, பிறகு சொல்லப் பேச்சே இல்லை.

ஆம்பிளைகளுக்குள் ஒன்றும் இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே பீடிக்கட்டைப் பங்கு போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள்.

கொட்டகை இருந்த இடம்

டீச்சர் ஒருநாள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது விழுந்தார். இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது படுக்கையாக வந்தார். ஹைதராபாத்திலிருந்து அவர் தங்கை மகன் வந்து, தன்னோடு அழைத்துப் போகிறேன் என்று எவ்வளவோ சொன்னார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவை அமர்த்திவிட்டு அவர் ஊர் திரும்பினார்.

அந்தச் சமயத்தில்தான் ஏழுமலை கொட்டகையைப் பிரித்தார். மாடுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றுவிட்டார். லாரியில் கம்பி வந்தது, ஜல்லி வந்தது. கீழே வீடு, மேலே வாடகைக்கு அறைகள், எல்லா அறையும் வடக்குப் பார்த்து.

எங்க வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் பேச்சை எடுத்தார். நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"எங்க பக்கம் ஒரேயடியா மூடிக்கும் போலக்குதேடா."

"தெற்கால செவுரு மூடித்தான ஆவணும்ணா. உங்க வூடு பக்கத்துல இருக்குது, அங்க ஜன்னல் வெச்சா யார் குடி வருவான்? நீ பண்ண தப்பையே நானும் பண்ணச் சொல்றியா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நாங்கள் மலைக்கு முதுகைக் காட்டிக் கட்டினோம். அதைப் பார்த்துப் புத்தி வந்து அவர் மலைக்கு முகத்தைக் காட்டிக் கட்டுகிறார். அவர் முதுகு எங்களுக்கு.

டீச்சர் பில்லர் எழும்ப எழும்பப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் மலை கோடு கோடாகப் பிரிந்தது. பில்லர்களுக்கு நடுவில் செங்கல் ஏற ஆரம்பித்தால் அடிவாரத்திலிருந்து மறைந்துகொண்டே வரும், உச்சி கடைசியில் போகும் என்று அவரே ஆயாவிடம் கணக்கு நடத்துவதுபோல் சொன்னாராம். ஆயா அதை என்னிடம் வந்து சொன்னபோது, வேறு வீடு பார்த்துக் கட்டிலோடு தூக்கிப் போகலாமா என்று கேட்டேன். அசைத்தாலே அவருக்கு உயிர் போகிற வலி. மாடி என்பது பேச்சுக்கே இல்லை.

லட்சுமியிடம் சொன்னது

எங்கள் ஊரில் பேச்சு நின்றுபோன பெண்கள் ஊமையாகிவிடுவதில்லை. சொல்லவேண்டியதை மாட்டிடமும் கோழியிடமும் சொல்வார்கள். கேட்கவேண்டியவள் காதில் அது விழும். பதிலும் அதே வழியாக வரும்.

மறுநாள் காலை அரிசி களைந்த கழுநீரை வாளியில் எடுத்துக்கொண்டு போனேன். சரசுவின் மாடு லட்சுமி, வேப்பமரத்தில் கட்டியிருந்தது. பல வருஷமாக என் வீட்டுக் கழுநீர் தெருக்கோடி மாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. சரசு புதுப் பில்லருக்கு டியூபில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. ஆனால் தண்ணீர் விழும் இடம் மாறவே இல்லை, ஒரே இடத்தை நனைத்துக்கொண்டிருந்தது.

தொட்டியில் ஊற்றினேன். "குடி லட்சுமி. உள்ள படுத்துக்கினு இருக்கிற அம்மாவுக்கு மலையப் பாத்துக்கினே கண்ண மூடணும்னு ஒரே ஆசை. செவுரு எழும்பிட்டா எதைப் பாப்பாங்க? அவங்களால எழுந்து வாசலுக்கு வர முடிஞ்சா, நான் ஏன் உங்கிட்ட வந்து நிக்கிறேன்?"

சரசு டியூபை அடுத்த பில்லருக்கு மாற்றினாள். "லட்சுமி, எங்க வூட்டுக்காரர் கட்டற வூட்ட நான் நிறுத்த முடியாது. கேக்கறவங்க அந்தம்மாவுக்காவ கேக்கறாங்களா, அவங்க வூட்ல ரூம் காலியாவாம இருக்கணும்னு கேக்கறாங்களா, அதுவும் எனக்குத் தெரியல."

சுருக்கென்று இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் வாளியை எடுத்தேன். ஆனால் அவள் கேட்டது நியாயம். ஜன்னல் இல்லாத அறைக்கு இனி யார் வருவார்கள் என்று நானும் யோசித்திருந்தேன்.

"ரெண்டுக்காவவும்தான்னு சொல்லு லட்சுமி," என்றேன்.

சரசுவின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தாளா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. மாடு தொட்டியை நக்கிக் காலி செய்தது. நான் வந்துவிட்டேன்.

இரண்டொரு நாளில் செங்கல் வேலை தொடங்கியது. டீச்சருக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சரசுவின் குரல்.

"மேஸ்திரி, இந்த இடத்துல ஒரு ஜன்னல் விடு."

"இன்னாடி இது?" ஏழுமலையின் குரல். "இங்க ஜன்னல் வெச்சா அண்ணன் வூட்டுச் செவுருதான தெரியும்?"

"தெரியட்டும். இது எனக்கு சமையக்கட்டு. வடக்கயும் ஒரு ஜன்னல், இதுக்கு நேரா."

"சமையக்கட்டு அந்தக் கோடிலதான போட்டிருக்குது? வாஸ்துக்காரர் இன்னா சொன்னாரு?"

"வாஸ்துக்காரரா வந்து ஆக்கப் போறாரு?"

மேஸ்திரி ஜன்னலருகே வந்தார். கையில் நூல்கண்டு. நூல் முனையைக் கம்பி வழியாக நீட்டி, "டீச்சரம்மா, இத உங்க கண்ணுகிட்ட பிடிச்சுக்குங்க," என்றார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனார். டீச்சர் மல்லாந்து படுத்தபடி நூலை ஒரு கண்ணுக்கருகில் பிடித்து, மறு கண்ணை மூடிக்கொண்டார். "பைகி," என்றார். "இன்னும் கொஞ்சம் பைகி." மேலே என்று அர்த்தம். வெளியிலிருந்து சரசு அதைத் தமிழில் சொன்னாள். நூல் ஏறியது. விறைப்பாக நின்றது. அந்த உயரத்துக்கு இரண்டு ஜன்னல்.

வீடு முடிந்த பிறகு தெரிந்தது முழு மலை இல்லை. உச்சி போய்விட்டது. இரண்டு ஜன்னலுக்குள் அடங்கியது ஒரு துண்டுச் சரிவு, சாம்பல் நிறப் பாறை ஒன்று, அதன் பக்கத்தில் கொஞ்சம் புதர். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு டீச்சர், "சாலும்மா, போதும்," என்றார். எந்த மூலையைத் தொட்டாலும் மலை மலைதான் என்றோ என்னவோ தெலுங்கில் தொடர்ந்தார். நான் அப்படி எடுத்துக்கொண்டேன்.

சரசு அடுப்பைச் சுவரோரம் தள்ளிப் போட்டிருந்தாள். ஜன்னலுக்கு நேரே நிற்கமாட்டாள். கடுகு தாளிக்கும்போதும் ஒதுங்கி நின்று கையை மட்டும் நீட்டுவாள். வடக்கு ஜன்னல் மேடையில் ஒரு டப்பா கிடையாது. குக்கர் ஆவி வரும்போது மட்டும் மலை கொஞ்சநேரம் மங்கும், பிறகு தெளியும். அவள் வீட்டில் இன்று என்ன குழம்பு என்று எனக்கும், என் வீட்டில் என்ன பொரியல் என்று அவளுக்கும் மூக்கு சொல்லிவிடும். பேச்சு மட்டும் இல்லை. நடுவே ஒரு ஆள் போகிற சந்து. எதிரெதிரே இரண்டு ஜன்னலும் எப்போதும் திறந்தே இருக்கும்.

மழை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் டீச்சருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆயா இன்னும் வரவில்லை. எங்க வீட்டுக்காரர் டாக்டரைக் கூட்டிவர ஓடினார். நான் கரண்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பாதி உள்ளே போயிற்று, பாதி வழிந்தது.

அவர் கண் ஜன்னலுக்குப் போயிற்று. "கொண்ட?" என்றார்.

நான் பார்த்தேன். சரசுவின் சமையற்கட்டு தெரிந்தது. அதற்கு அந்தப்பக்கம் வெள்ளையாக மழை. பாறையும் இல்லை, புதரும் இல்லை. இத்தனை வருஷம், இத்தனை பாடு, இன்றைக்கென்று இப்படி. கரண்டியைக் கீழே வைத்தேன்.

எதிர் ஜன்னலுக்குச் சரசு வந்தாள். கையில் அரிசிமாவு ஒட்டியிருந்தது. திரும்பித் தன் வடக்கு ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். அங்கிருந்தும் ஒன்றும் தெரிந்திருக்காது. இந்தப் பக்கம் திரும்பிக் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, "உந்தி டீச்சர்காரு," என்றாள். "அக்கடே உந்தி."

இருக்கிறது, அங்கேயே இருக்கிறது. அவர்கள் பேசிய தெலுங்கில் எனக்கு முழுதாகப் புரிந்தது அது ஒன்றுதான். டீச்சருக்கும் போதுமானதாக இருந்திருக்கவேண்டும். மறுபடி கேட்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

தங்கை மகன் வந்தார். காரியங்கள் இங்கேயே நடந்தன. எல்லோரும் போன பிறகு அறையைக் கழுவிவிட்டேன். கட்டிலை எங்கே போடுவது என்று தெரியாமல் அங்கேயே விட்டேன். இனி சரசுவுக்கு அந்த ஜன்னல் எதற்கு, நாளைக்கே மேடையில் டப்பா அடுக்கிவிடுவாள், அவள் சமையற்கட்டு அவள் இஷ்டம் என்று நினைத்தபடி, மூடியிருந்த ஜன்னல் கதவுகளைத் தள்ளித் திறந்தேன்.

மழை விட்டு வெயில் வந்திருந்தது. சரிவு பச்சையாக இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. எதிர் ஜன்னலில், நட்டநடுவில், மொத்தத்தையும் மறைத்துக்கொண்டு சரசு நின்றுகொண்டிருந்தாள்.

"சாப்ட்டியாக்கா?" என்றாள்.

நான் சந்தில் இரண்டு பக்கமும் பார்த்தேன். மாடு இல்லை.